திரையில் இருந்த நாற்பது பேர் எங்கே போனார்கள்? – கம்ப்யூட்டர் அடிப்படைச் சந்தேகங்கள்

#1 தையல்கடை புதுப்பாளையம்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் பெண்கள் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 47. மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் வேலைக்குப் போய் வேறு வாங்கிவிட்டாள். அளவு நோட்டு மட்டும் பதினாறு சேர்ந்துவிட்டது. அதையெல்லாம் இதில் ஏற்றிவிடலாம் என்று ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்று வாரமாக "உள்ளீட்டுக் கருவிகள் யாவை, வெளியீட்டுக் கருவிகள் யாவை" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மவுஸ் உள்ளீட்டுக் கருவி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நேற்று ராத்திரி எக்செல்லில் நாற்பது பேர் அளவைத் தட்டினேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து எல்லாம். கரண்ட் போனது. பேட்டரி செத்த லேப்டாப், அதுவும் கூடவே அணைந்தது. கரண்ட் வந்து போட்டுப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் ஒன்றும் இல்லை. வகுப்பில் கேட்டதற்கு, "ரேம் என்பது நிலையற்ற நினைவகம், அதனால் போய்விட்டது" என்றார்கள். அதைத்தான் நானே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேனே! கண்ணெதிரே இருந்த நாற்பது பேர் எங்கே போனார்கள் என்று யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

#2 பண்ருட்டிப் பலா

கன்ட்ரோல் எஸ். அவ்வளவுதான் அக்கா மொத்தப் பாடமும்.

#3 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

பலா தம்பி, வீடு எரியும்போது தீயணைப்புப் பாடம் எடுக்காதே.

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். கரண்ட் வந்த பிறகு எக்செல்லைத் திறந்தீர்களா, இல்லை டெஸ்க்டாப்பில் மட்டும் தேடினீர்களா? திறக்கவில்லை என்றால் இப்போது திறந்து பாருங்கள். இடது பக்கம் ஒரு பட்டை வந்து, மீட்டெடுத்த ஃபைல் என்று ஏதாவது காட்டினால் அதைக் கிளிக் செய்து உடனே சேவ் செய்யுங்கள். எக்செல் தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நகலை ஓரமாக எழுதி வைக்கும். அந்த அமைப்பை யாரும் நிறுத்தியிருக்காவிட்டால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். விளக்கம் அப்புறம்.

#4 தையல்கடை புதுப்பாளையம்

தம்பி, நீங்கள் நல்லா இருக்கணும்! எக்செல்லைத் திறக்கவே இல்லை, டெஸ்க்டாப்பில்தான் தேடிக்கொண்டிருந்தேன். திறந்ததும் இடது பக்கம் வந்தது. 31 பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேரைக் காணோம்.

இப்போது இன்னும் குழப்பம். ரேம் போனால் எல்லாம் போகும் என்றார்கள். 31 பேர் எப்படித் திரும்பி வந்தார்கள்?

#5 திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. வகுப்பில் சொன்ன வரி தப்பில்லை. வரியோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

நீங்கள் தட்டத் தட்ட எழுத்துகள் ரேமில் போய் உட்காருகின்றன. ரேம் என்பது ஒரு சின்னப் பலகையில் ஒட்டிய சில சில்லுகள். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் இருக்கின்றன. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொன்றும் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இந்த மின்தேக்கிகள் ஓட்டைக் குடம் மாதிரி, நிரப்பிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒரு சுற்று எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். அதாவது ஒரு விநாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல். கரண்ட் நின்றால் நிரப்ப ஆள் இல்லை. உங்கள் நாற்பது பேரும் எங்கேயும் போகவில்லை, கசிந்துவிட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் காந்தத் தகட்டில் எழுதப்படுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி.யிலும், பென் டிரைவிலும் மின்னூட்டத்தைச் சுற்றிலும் காப்புச் சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இரண்டுமே கரண்ட் இல்லாமல் நிற்கும். சேவ், அதாவது பலா சொன்ன கன்ட்ரோல் எஸ், ரேமில் இருப்பதை அங்கே எழுது என்ற கட்டளை. எக்செல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிய நகலும் அங்கேதான் போனது. கடைசியாக எழுதியபோது 31 பேர், அதற்குப் பிறகு நீங்கள் தட்டியவர்கள் ஒன்பது பேர். கணக்கு சரியாக வருகிறதா?

#6 தையல்கடை புதுப்பாளையம்

வருகிறது சார். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகும் எனக்கு.

நானே ஒன்று சொல்கிறேன், சரியா பாருங்கள். ரேம் என் வெட்டு மேஜை, டிஸ்க் என் பீரோ. துணியை பீரோவிலிருந்து எடுத்து மேஜையில் போட்டு வெட்டுகிறேன், முடித்ததும் திரும்ப உள்ளே வைக்கிறேன். மேஜை பெரிதாக இருந்தால் நாலு துணியை ஒரே நேரத்தில் விரிக்கலாம். சரிதானே?

#7 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

முக்கால்வாசி சரி அக்கா. "ரேம் பத்தவில்லை, லேப்டாப் இழுக்கிறது" என்று வருபவர்களுக்கு இனி இதையே சொல்லப் போகிறேன். மேஜை சின்னதாக இருந்தால் ஒரு துணியை மடித்து ஓரம் வைத்து இன்னொன்றை விரிக்க வேண்டும், அந்த மடிப்பிலேயே நேரம் போய்விடும். பீரோவை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது சரியாகாது. "ஐந்நூறு ஜிபி இருக்கே, ஏன் ஸ்லோ?" என்று கேட்பவர்களுக்கும் அதுதான் பதில்.

ஆனால் ஒரு இடத்தில் தையல் பிரியும். துணியை எடுத்தால் பீரோவில் அந்த இடம் காலி. ஃபைல் அப்படி இல்லை. திறக்கும்போது நகல்தான் மேஜைக்கு வருகிறது, அசல் உள்ளேயே இருக்கிறது.

#8 திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்

அதனால் துணிக்குப் பதில் காகித பேட்டர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் உள்ள பேட்டர்னைப் பார்த்து மேஜையில் இன்னொரு தாளில் வரைகிறீர்கள், அதில் திருத்துகிறீர்கள். சேவ் கொடுத்தால் திருத்திய தாள் உள்ளே போய் பழையதன் இடத்தில் உட்காரும், பழையது போய்விடும். இரண்டும் வேண்டும் என்றால் "சேவ் ஆஸ்" கொடுத்து வேறு பெயர் வையுங்கள். சேவ் செய்யாமல் மூடினால் மேஜைத் தாளைக் கசக்கிப் போட்டதாகக் கணக்கு.

#9 பண்ருட்டிப் பலா

நான் ரெண்டே வார்த்தையில் சொன்னதைத்தான் நீங்கள் மூன்று பேரும் பேட்டர்ன் போட்டுச் சொல்கிறீர்கள் 😄

#10 நெல்லிக்குப்பம் இ-சேவை

சொல்லட்டும் தம்பி, உனக்கு இரண்டு வார்த்தை போதும். எங்கள் மையத்துக்கு வருபவர்களுக்குப் போதாது.

தையல் அக்கா, உங்கள் வகுப்பில் கேபி, எம்பி, ஜிபி சொல்லித் தந்தார்களா? நான் தினமும் மல்லுக்கட்டுவது அதோடுதான். அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் என்று கேட்பார்கள். பிள்ளைகள் போனில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து "ஏற மாட்டேன் என்கிறது, சைட் வேலை செய்யவில்லை" என்பார்கள். சைட் நன்றாகத்தான் வேலை செய்கிறது, படம் நாலு எம்பி!

#11 தையல்கடை புதுப்பாளையம்

"1024 பைட் 1 கேபி, 1024 கேபி 1 எம்பி" என்று பத்து தடவை எழுத வைத்தார்கள். ஆனால் 50 கேபி என்றால் கைப்பிடியா, மூட்டையா என்று இன்றுவரை தெரியாது.

#12 திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்

ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட். தமிழில் "கடலூர்" என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டர் அதை க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறாகத் தனித்தனியே வைக்கிறது. இன்றைக்கு எங்கும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18 பைட்.

இப்போது உங்கள் பதினாறு நோட்டுக்கு வருவோம். ஒரு நோட்டில் எத்தனை பேர்?

#13 தையல்கடை புதுப்பாளையம்

பக்கத்துக்கு ஒரு ஆள். சராசரி 190 பேர் இருப்பார்கள்.

#14 திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்

மொத்தம் 3,040 பேர். ஒருவருக்குப் பெயர், போன் எண், பன்னிரண்டு அளவு, "இடது தோள் கொஞ்சம் இறக்கம்" மாதிரி ஒரு குறிப்பு என்று தாராளமாக 500 பைட் போடுங்கள். 15 லட்சத்து 20 ஆயிரம் பைட், சுமார் ஒன்றரை எம்பி. நீங்கள் இத்தனை வருடம் எழுதிய பதினாறு நோட்டும் சேர்ந்து போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் பாதிதான்.

#15 தையல்கடை புதுப்பாளையம்

என்ன சார் இப்படிச் சொல்லிவிட்டீர்கள்! நான் பெரிய பென் டிரைவ் வாங்க வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

போட்டோ மட்டும் ஏன் அவ்வளவு கனம்?

#16 நெல்லிக்குப்பம் இ-சேவை

இது எனக்குத் தெரியும் 😊 12 மெகாபிக்சல் கேமரா என்றால் அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி, மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று பைட். அப்படியே வைத்தால் 36 எம்பி வரும். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சுருக்குவதால்தான் மூன்று நாலு எம்பியில் நிற்கிறது. விண்ணப்பத்துக்கு அந்தப் படத்தைச் சில நூறு புள்ளி அகலத்துக்குக் குறைத்தால் 50 கேபிக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. சான்றிதழை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். வாங்கிப் பார்த்தால் பதிவு எண் மங்கி இருக்கும். டாக்குமென்ட் என்று போட்டு அனுப்பினால் அப்படியே வரும்.

#17 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

கேபி, ஜிபி பேச்சு வந்ததால் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஒருவருக்கு 500 ஜிபி டிஸ்க் மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "465தான் காட்டுகிறது, மீதி 35 ஜிபியை என்னப்பா செய்தாய்?" என்று கடை வாசலில் சத்தம். பெட்ரோல் பங்க்கில் அளவு குறைத்தவனைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். அவர்களுக்கு 500 ஜிபி என்றால் ஐம்பதாயிரம் கோடி பைட். விண்டோஸ் அதே ஐம்பதாயிரம் கோடியை 1024, 1024, 1024 என்று மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது, 465 வருகிறது. ஒரு பைட் கூடக் குறையவில்லை. 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, வாங்கினால் 931 காட்டும். இப்போது பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

#18 முத்தியால்பேட்டை

புதுச்சேரியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். நேரம் போவது தெரியாமல் படித்தேன்.

எனக்கு வேறு சந்தேகம். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான், பேரன் பாரீசில் இருக்கிறான். அவன் கம்ப்யூட்டர் என்று சொல்வதே இல்லை, "ஓர்தினத்தேர்" என்கிறான். 1955இல் ஐ.பி.எம். பிரான்ஸ் நிறுவனம் தன் புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள், பழைய வழக்கில் உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறித்ததாம். எழுபது வருடமாக அதையே சொல்கிறார்கள். நாம் மட்டும் ஏன் ரேம், ஃபைல், மவுஸ் என்றே பேசுகிறோம்? நினைவகம், கோப்பு, சுட்டி என்று எவ்வளவு அழகான சொற்கள்!

#19 பண்ருட்டிப் பலா

ஐயா, சுட்டி வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் அண்ணன் கடையில் போய்ச் சொன்னால், எந்தப் பிள்ளை என்று கேட்பார்.

#20 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

கேட்க மாட்டேன் 😄 ஆனால் என் கடையில் தமிழ், ஆங்கிலம் என்பதை விடப் பெரிய தகராறு ஒன்று உண்டு. "சி.பி.யூ.வைக் கொண்டுவாங்க" என்றால் எல்லோரும் அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கி வருவார்கள். அது கேபினெட். சி.பி.யூ. என்பது அதற்குள்ளே மதர்போர்டில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு சில்லு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கடைக்காரர்களும் பெட்டியைத்தான் சி.பி.யூ. என்கிறோம், நான் உட்பட. இனி மாற்ற முடியாது.

#21 திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்

பாடப்புத்தகத்தில் அதற்கு மையச் செயலகம் என்று பெயர். சுருக்கமாகச் செயலி என்றும் எழுதுவார்கள். ஆனால் போனில் இறக்கும் ஆப்பும் இப்போது செயலி ஆகிவிட்டது. "செயலி சூடாகிறது" என்று யாராவது எழுதினால் எதைச் சொல்கிறார் என்று நானே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. ஆப்புக்குக் குறுஞ்செயலி என்ற சொல்லை நிலைக்க விட்டிருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. தமிழ்ச் சொல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கணினி எவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டது! கணிப்பவனைக் கணியன் என்று சொல்லிப் பழகிய மொழி நம்முடையது.

#22 தையல்கடை புதுப்பாளையம்

என் கருத்தையும் சொல்கிறேன், படிக்காதவள் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். கோப்பு என்றால் எனக்கு உடனே புரிகிறது, தாலுகா ஆபீசில் எத்தனை தடவை கோப்புக்காக நின்றிருக்கிறேன். கடவுச்சொல்லும் புரிகிறது. நினைவகம் புரியவில்லை. ரேமும் நினைவகம், டிஸ்க்கும் நினைவகம் என்று எழுதினால் நான் எதை நினைவு வைப்பது? எனக்கு ரேம் ரேமாகவே இருக்கட்டும்.

தமிழ் பேச்சு வந்ததால் இன்னொன்று. பில் மாதிரி ஒன்று டிடிபி கடையில் அடித்து வாங்கி, ஃபைலாகவும் கேட்டு வாங்கினேன். அங்கே தமிழில் இருந்தது, என் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. வைரஸா?

#23 திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்

வைரஸ் இல்லை அம்மா. கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சின்ன "எம்" என்றால் அதற்கு 109. பழைய பாமினி எழுத்துருவில் என்ன செய்தார்கள் என்றால், 109 வந்தால் "எம்" படத்துக்குப் பதில் "அ" படத்தை வரை என்று வைத்துவிட்டார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் "அ" தெரியும், இல்லாததில் உள்ளதை உள்ளபடி "எம்" என்று காட்டும். உள்ளே இருந்தது எப்போதுமே 109தான். வேஷம் கலைந்துவிட்டது.

உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறை யூனிகோட். அதில் "அ"வுக்கு என்றே 2949 என்று தனி எண் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், தமிழ் எழுத்துரு ஏதாவது ஒன்று இருந்தால் "அ"தான். நாம் இங்கே எழுதிக்கொண்டிருப்பதும் அதில்தான். டிடிபி கடையில் "யூனிகோடில் மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள், மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் உண்டு. அளவுக் கோப்பை ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள். இல்லையென்றால் தேடும்போது "மல்லிகா" என்று அடித்தால் மல்லிகா வர மாட்டாள்.

#24 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

அக்கா, ஒரு விஷயம், இதுதான் என் கடையில் அதிகம் பேர் அழுத விஷயம். ஃபைலை டெஸ்க்டாப்பில் தேடியதாகச் சொன்னீர்கள். டெஸ்க்டாப் என்பது தனி இடம் இல்லை, சாதாரணமாக சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான். விண்டோஸ் கெட்டு, ஃபார்மட் போட்டு மறுபடி ஏற்றினால் சி டிரைவ் துடைக்கப்படும். "சி டிரைவில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை, எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கு" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பமே அப்படிப் போயிருக்கிறது. அதிலிருந்து நான் கேள்வியையே மாற்றிவிட்டேன். "ஸ்கிரீனில் தெரிவதெல்லாம் வேணுமா?" என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், வேறொரு டிரைவிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் வையுங்கள், ஆன்லைன் டிரைவில் ஒன்று. ஒன்று வீட்டுக்கு வெளியே இருப்பது அவசியம். தானே புயல் அடித்தபோதும் 2015 வெள்ளத்தின்போதும் நாம் பார்க்காததா? கம்ப்யூட்டரும் பென் டிரைவும் ஒரே மேஜை டிராயரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். நனைந்துவிட்டால், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று மட்டும் ஆன் செய்து பார்க்காதீர்கள்.

#25 முத்தியால்பேட்டை

உண்மை. கடலோரத்தில் நனையாவிட்டாலும் தொல்லைதான். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் பீப் பீப் என்று கத்திக்கொண்டே திரையைக் காட்டவில்லை. மெக்கானிக் வந்து ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பேரனுடைய அழிரப்பரால் தேய்த்து மாட்டினார், ஓடிவிட்டது. 300 ரூபாய் வாங்கினார்.

#26 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

ஈரக் காற்றில் அந்தப் பற்கள் மீது படலம் படியும் ஐயா, அதுதான். 300 ரப்பருக்கு இல்லை, எங்கே தேய்ப்பது என்று தெரிந்ததற்கு 😄

அக்காவுக்கு ஒன்று சொல்ல மறந்துவிடப் போகிறேன்: அரசு லேப்டாப் என்றீர்கள். விண்டோஸ் 10 வரை வந்திருந்தால், அதற்கு 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாஃப்ட் இலவச ஆதரவை நிறுத்திவிட்டது. லேப்டாப் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வராது. அளவு எழுதப் பரவாயில்லை. பேங்க் வேலை அதில் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அதில் எக்செல் மாதிரி வேலை செய்ய லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, எக்செல் ஃபைலும் திறக்கும். அந்தப் பழைய மெஷினுக்கு அதுதான் இலகுவாகவும் ஓடும். ஒரு நாள் கடைக்குக் கொண்டுவாருங்கள். புது பேட்டரியும் பார்க்கலாம்.

#27 நெல்லிக்குப்பம் இ-சேவை

மூன்று வார வகுப்பில் சொல்லாததை இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டீர்கள். அக்கா, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

#28 தையல்கடை புதுப்பாளையம்

திருப்பித் தரமாட்டார்கள் அம்மா, சான்றிதழாவது வாங்கிக்கொள்கிறேன்.

சாரும் தம்பியும் சொன்னபடி செய்தேன். சேவ், சேவ் ஆஸ், பென் டிரைவில் ஒன்று, மகள் போனிலிருந்தே ஆன்லைனில் ஒன்று. இன்று மதியமும் கரண்ட் போனது, ஒரு ஆள் கூடக் கசியவில்லை. ஆனால் இப்போது வேறு சிக்கல். "அளவு", "அளவு புதுசு", "அளவு கடைசி", "அளவு கடைசி 2" என்று நாலு ஃபைல் நிற்கிறது. எதில் எல்லோரும் இருக்கிறார்கள்?

#29 மஞ்சக்குப்பம் சர்வீஸ்

அந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, மாற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள் அக்கா. மேலே நிற்பதுதான் கடைசியாகத் தொட்டது. இனிமேல் கடைசி, புதுசு என்று பெயர் வைக்காமல் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள், தானாகவே வரிசையில் நிற்கும்.

#30 தையல்கடை புதுப்பாளையம்

பார்த்துவிட்டேன். "கடைசி 2"தான் இருப்பதிலேயே பழசு.